போல்டு சிக்னல் குறைந்தால் மூளையின் வேலை குறைந்ததா? ரத்த ஓட்டத்தையும் ஆக்சிஜன் செலவையும் பிரிப்பது பற்றி

பனித்துளி

எல்லோருக்கும் வணக்கம். 3 டெஸ்லா ஸ்கேனரில் எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்யும்போது எடுக்கும் எம்ஆர்ஐ). மின்னும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை 30 நொடி காட்டி, 30 நொடி ஓய்வு விட்டு எடுக்கும் வழக்கமான பார்வைச் சோதனைதான். எக்கோ நேரம் (துடிப்பு கொடுத்ததிலிருந்து சிக்னலைப் படிக்கும் வரையிலான இடைவெளி) 30 மில்லிநொடி. 20–30 வயதினரிடம் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மூளை மேலடுக்கு) போல்டு சிக்னல், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் நிலையைப் பொறுத்து மாறும் எம்ஆர்ஐ சிக்னல், 1.5 சதவீத ஏற்றமும், 65–75 வயதினரிடம் 0.9 சதவீத ஏற்றமும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலை அசைவு இரு பக்கமும் ஒரே அளவு, பார்வைத் திறனையும் சரிபார்த்தாயிற்று. "முதியவர்களின் பார்வைப் புறணி குறைவாக இயங்குகிறது" என்று எழுதலாமா? படிக்கும் கட்டுரைகளில் பாதி அப்படித்தான் எழுதுகின்றன. சிக்னல் ரத்தத்திலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு அந்த வாக்கியத்தை எழுதக் கை வரவில்லை.

---

டெஸ்லா_மூன்று

எழுதக் கூடாது. ஏன் என்பதை அடியிலிருந்து சொல்கிறேன்.

ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தப் புலத்தைக் குலைக்கும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் குலைக்காது. பாலிங்கும் கோரியெல்லும் 1936-லேயே இதை அளந்துவிட்டார்கள். 1990-இல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா குழு எலி மூளையில் இதைப் படமாகவே காட்டியது. 1992-இல் மனித மூளையில் வந்துவிட்டது. ஆக, போல்டு அளப்பது நரம்பணு துடிப்பதை அல்ல, ஆக்சிஜன் செலவையும் அல்ல. ஒரு வாக்ஸலுக்குள் (படத்தின் ஒரு சிறு கனசதுரம்) ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும்தான்.

அந்த அளவை மூன்று விஷயங்கள் இழுக்கின்றன. ஆக்சிஜன் செலவு கூடினால் அது கூடும், சிக்னல் இறங்கும். ரத்த ஓட்டம் கூடினால் அது கழுவிப் போகும், சிக்னல் ஏறும். சிரைகளில் ரத்தத்தின் கொள்ளளவு கூடினால் மறுபடி அது கூடும், சிக்னல் இறங்கும். நாம் பார்க்கும் 1.5 சதவீதம் இந்த இழுபறியின் மிச்சம்.

ஃபாக்ஸும் ரெய்க்லும் 1986-இல் பெட் ஸ்கேனில் (கதிரியக்கத் தடயம் வைத்து அளக்கும் ஸ்கேன்) விரலைத் தூண்டி அளந்தபோது ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது, ஆக்சிஜன் செலவு 5 சதவீதம்தான் கூடியது. பின்னால் வந்த அளவீடுகள் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காட்டவில்லை. ஓட்டத்தின் ஏற்றம் ஆக்சிஜன் செலவின் ஏற்றத்தைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விகிதம். பந்திக்கு 20 பேர் கூடுதலாக வர, 50 பேருக்குச் சமைத்து இறக்குவது போல. மிச்சம் கூடித் திரும்பிப் போகிறது. சிரையில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் ஓடுகிறது. அதனால்தான் சிக்னல் ஏறுகிறது. மூளை அதிகம் செலவழித்ததால் ஏறவில்லை, செலவைவிட வரவு அதிகமானதால் ஏறியது.

---

எண்கணக்கு

டெஸ்லா_மூன்று சொன்னதை எண்ணில் போட்டால்தான் அதன் வீச்சு புரியும். 1998-இல் டேவிஸ் குழு கொடுத்த சமன்பாடு:

போல்டு மாற்றம் = எம் × [1 − ஓ^(ஆல்ஃபா − பீட்டா) × ஆ^பீட்டா]

ஓ என்பது ஓய்வுநிலையோடு ஒப்பிட்ட ரத்த ஓட்ட விகிதம், ஆ என்பது அதேபோல் ஆக்சிஜன் செலவு விகிதம். ஆல்ஃபா ஓட்டத்தையும் ரத்தக் கொள்ளளவையும் இணைக்கும் எண், பீட்டா ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினையும் சிக்னலையும் இணைக்கும் எண். எம் என்பது அந்த வாக்ஸலில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் முழுவதும் கழுவிப் போனால் கிடைக்கக்கூடிய உச்ச ஏற்றம். முதலில் ஆல்ஃபா 0.38, பீட்டா 1.5 என்று வைத்தார்கள். 3 டெஸ்லாவில் இப்போது பலர் 0.2, 1.3 என்று போடுகிறார்கள். நானும் அதையே போடுகிறேன். எம் = 8 சதவீதம்.

மூன்று பேர். மூவருக்கும் ஆக்சிஜன் செலவு ஒரே அளவு, 20 சதவீதம் கூடுகிறது. ரத்த ஓட்டம் மட்டும் வேறு:

ஓட்டம் 50 சதவீதம் கூடினால் போல்டு +1.51 சதவீதம்.
ஓட்டம் 30 சதவீதம் கூடினால் போல்டு +0.40 சதவீதம்.
ஓட்டம் 20 சதவீதம் கூடினால் போல்டு −0.30 சதவீதம்.

மூன்றாவது வரியில் கொஞ்சம் நில்லுங்கள். நரம்பணுக்கள் மற்ற இருவரைப் போலவே எரிக்கின்றன, சிக்னல் மட்டும் கீழே போகிறது. ஓட்டமும் செலவும் ஒரே விகிதத்தில் கூடியதால் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆக்சிஜன் பங்கு மாறவில்லை, 40 சதவீதம் என்றால் 40-லேயே நிற்கிறது. ஆனால் சிரை சற்று விரிந்து அதே ரத்தம் கூடுதலாகத் தங்குகிறது. இப்படி ஒரு வாக்ஸலைப் பார்த்து "இந்த இடம் அடங்கிவிட்டது" என்று எழுதினால் உண்மைக்கு நேர் எதிராக எழுதியதாகும்.

எதிர்மறை போல்டு எல்லாமே இப்படி என்று சொல்லவில்லை. நரம்பணு வேலை நிஜமாகவே குறைந்து வரும் எதிர்மறை உண்டு, குரங்கின் புறணியில் மின்முனை வைத்தே காட்டியிருக்கிறார்கள். போல்டை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க வழியில்லை என்பதுதான் விஷயம்.

பனித்துளியின் 1.5-க்கும் 0.9-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை ஓட்டத்தின் வித்தியாசம் மட்டுமே தாராளமாக விளக்கிவிடும். வயதாக ஆக ஓய்வுநிலை ரத்த ஓட்டம் குறைகிறது, நாளம் விரியும் திறனும் குறைகிறது. இரண்டும் நன்றாக நிறுவப்பட்டவை.

---

சிரைவழி

அப்படியானால் இத்தனை வருட எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகளையெல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறீர்களா? ஒரே ஆளிடம், ஒரே இடத்தில், இரண்டு நிலைகளை ஒப்பிடும்போது நாளமும் எம் மதிப்பும் மாறுவதில்லை. லோகோதெட்டிஸ் குழு 2001-இல் குரங்கில் காட்டியபடி போல்டு உள்ளூர்ப் புல மின்னழுத்தத்தோடு (அருகிலுள்ள நரம்பணுக்களின் கூட்டு மின் சமிக்ஞை) நன்றாகவே ஒத்துப் போகிறது. சமன்பாட்டில் எல்லை மதிப்புகளைப் போட்டால் எதையும் பயமுறுத்திக் காட்டலாம்.

---

எண்கணக்கு

@சிரைவழி ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நாள் என்றால் உங்கள் பக்கம்தான் நானும். சிக்கல் குழுக்களை ஒப்பிடும்போது, மருந்துக்கு முன் பின் ஒப்பிடும்போது, மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிடும்போது வருகிறது. பனித்துளி கேட்டது முதல் வகை. 30 சதவீத ஓட்ட ஏற்றம் எல்லை மதிப்பு அல்ல, சாதாரணமாகக் கிடைப்பதுதான்.

மருந்து என்றதும் மாத்திரை மட்டும் நினைக்க வேண்டாம். 250 மில்லிகிராம் காஃபீன் ஓய்வுநிலை மூளை ரத்த ஓட்டத்தை 20 முதல் 30 சதவீதம் குறைக்கும். அடினோசின் ஏற்பிகளை அடைப்பதால் நாளம் சுருங்குகிறது. ஸ்கேனுக்கு முன் கேன்டீனில் டபுள் ஸ்ட்ராங் காபி குடித்தவரும் குடிக்காதவரும் ஒரே குழுவில் இருந்தால் அந்தச் சிதறல் உங்கள் தரவில் உட்கார்ந்திருக்கும். கடைசியாகக் காபி, டீ, சிகரெட் எப்போது என்று படிவத்தில் கேட்டு எழுதுங்கள்.

---

ஓட்டமானி

ரத்த ஓட்டத்தைத் தனியாக அளக்க ஏஎஸ்எல் இருக்கிறது. ஊசி வேண்டாம். கழுத்தில் ஏறும் ரத்த நீரின் காந்தத் திசையை ரேடியோ அலையால் தலைகீழாகத் திருப்பி, அது மூளைக்குப் போய்ச் சேர்ந்ததும் படம் எடுத்து, திருப்பாமல் எடுத்த படத்திலிருந்து கழிப்பது. 3 டெஸ்லாவில் போலித் தொடர் முறைக்கு (குறுந்துடிப்புகளால் இடைவிடாமல் குறியிடும் வகை) நான் வைக்கும் அளவுகள்: குறியிடும் நேரம் 1800 மில்லிநொடி, காத்திருப்பு இளையவர்களுக்கு 1800, எழுபது தாண்டியவர்களுக்கு 2000. ரத்தத்தின் டி1 (திருப்பிய காந்தத் திசை பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்) 1650 மில்லிநொடி, குறியிடும் திறன் 0.85, பிரிகை மாறிலி (நீர் திசுவுக்கும் ரத்தத்துக்கும் இடையே பங்கிடும் விகிதம்) 0.9.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏஎஸ்எல் படம் பார்க்க அழகாக வந்தும் எண் தப்பாக இருக்கும்.

முதியவர்களுக்குக் காத்திருப்பைக் குறைத்து வைத்தால் குறியிட்ட ரத்தம் இன்னும் தமனியிலேயே நிற்கும். படத்தில் நாளங்கள் பளிச்சென்று புழு மாதிரித் தெரியும், பக்கத்துத் திசு இருண்டிருக்கும். அதை "ஓட்டம் குறைவு" என்று படித்தால் தவறு. வந்து சேரத் தாமதம், அவ்வளவே.

குறியிடும் தளம் கழுத்துத் தமனிக்குச் செங்குத்தாக, அது நேராக ஓடும் இடத்தில் இருக்க வேண்டும். தமனி வளைந்த இடத்திலோ, பல்லில் உலோகம் அடைத்திருப்பதால் புலம் குலைந்த இடத்திலோ விழுந்தால் ஒரு பக்கத்துக் குறியிடல் பலவீனமாகி, இடது வலது அரைக்கோளங்கள் வேறு நிறத்தில் வரும். ஒரு தமனியின் எல்லைக்குள் மட்டும் ஓட்டம் சீராகக் குறைந்து தெரிந்தால் நோய் என்று நினைப்பதற்கு முன் தளத்தைச் சரிபாருங்கள்.

கழித்தால் கிடைக்கும் வித்தியாசம் மொத்த சிக்னலில் 1 சதவீதம் அளவுதான். அதனால் ஒரு ஜோடிப் படத்தை நம்ப முடியாது, பல ஜோடிகளைச் சராசரி எடுக்க வேண்டும். இரட்டை எக்கோ வைத்து முதல் எக்கோவில் (10 மில்லிநொடி அருகே) ஓட்டமும், இரண்டாவதில் (30 அருகே) போல்டும் ஒன்றாக எடுக்கலாம். ஆனால் பின்னணியை அடக்கும் துடிப்புகளை முழுதாகப் போட்டால் ஓட்டப் படம் சுத்தமாகும், போல்டு நலியும். இரண்டும் ஒரே ஸ்கேனில் வேண்டுமென்றால் அடக்கலை அரைகுறையாக வைப்பதே நடைமுறை.

---

கதிரியல்_மதுரை

மருத்துவப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன், இது ஆய்வுக் கட்டுரையைவிட அவசரமான விஷயம். மூளைக் கட்டி அறுவைக்கு முன் கை அசைவுப் பகுதி எங்கே என்று எஃப்எம்ஆர்ஐ கேட்பார்கள். கிளையோமாவின் (மூளைக் கட்டி வகை) ஓரத்தில் நாளங்கள் ஏற்கெனவே முழுக்க விரிந்து கிடக்கும், அல்லது தூண்டலுக்குப் பதில் சொல்லும் திறனை இழந்திருக்கும். அங்கே நரம்பணு வேலை செய்தாலும் ஓட்டம் கூட இடமில்லை, போல்டு வராது. வெறுமையாகத் தெரியும் அந்த இடத்தை "செயல் இல்லை, வெட்டலாம்" என்று படித்தால் நோயாளியின் கை போய்விடும்.

அதனால் கட்டிப் பக்கம் செயல்பாடு தெரியாத ஒவ்வொரு முறையும் மூச்சடக்கல் படம் ஒன்று எடுத்து, அந்த இடத்தின் நாளங்கள் பதில் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் அறிக்கையில் "இப்பகுதியில் போல்டு இல்லாமையை வைத்துச் செயல் இல்லை என முடிவு செய்ய இயலாது" என்று தெளிவாக எழுத வேண்டும். அறுவையின்போது புறணியை நேரடியாகத் தூண்டிப் பார்ப்பதற்கு அதுதான் அறுவை மருத்துவருக்கு நாம் தரும் எச்சரிக்கை.

கழுத்துத் தமனி அடைப்பிலும் இதே கதை, கூடவே தாமதம். வழக்கமான போல்டு வளைவு 5–6 நொடியில் உச்சம் தொடும். அடைப்புள்ள பக்கம் அது இன்னும் சில நொடி தள்ளிப் போகும். நிலையான வளைவை மட்டும் பொருத்தினால் புள்ளியியல் வரைபடத்தில் அந்தப் பக்கம் மறைந்தே போகும். நேர வகைக்கெழுவைச் (வளைவு முன்பின் நகர இடம் தரும் கூடுதல் உறுப்பு) சேர்த்துப் பொருத்திப் பாருங்கள், அல்லது மூல சிக்னலை வரைந்து கண்ணால் பாருங்கள்.

---

பனித்துளி

நிறையத் தெளிந்தது. எம் மதிப்பை ஒவ்வொருவருக்கும் எப்படிக் கண்டுபிடிப்பது? கார்பன் டை ஆக்சைடு கொடுத்து அளப்பது என்று படித்தேன், செய்முறைதான் எங்கேயும் விவரமாக இல்லை.

---

ஓட்டமானி

5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி நைட்ரஜன் கலந்த சிலிண்டர். சிலிண்டர் ஸ்கேனர் அறைக்குள் வரவே கூடாது. வெளியே நிறுத்தி, சுவரில் உள்ள அலைவழித் துளை வழியாகக் குழாயை உள்ளே விடுங்கள். வெளிவிட்ட மூச்சு திரும்ப உள்ளே போகாதபடி ஒருவழி வால்வு வைத்த முகமூடி, அதோடு சேமப்பை. கார்பன் டை ஆக்சைடு ஏறியதும் மூச்சின் அளவு கூடும். பை சுருங்கினால் முகமூடி ஓரமாக அறைக்காற்று புகுந்து அளவைக் கெடுக்கும், ஆகவே வாயு ஓட்டத்தைத் தாராளமாக வையுங்கள்.

2 நிமிடம் காற்று, 3 நிமிடம் கலவை, 2 நிமிடம் காற்று. மூச்சின் கடைசியில் வரும் கார்பன் டை ஆக்சைடு 8–10 மில்லிமீட்டர் பாதரசம் ஏற வேண்டும். மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும், கையில் அழைப்பு மணி கொடுக்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய், மண்டையுள் அழுத்தம், அண்மையில் பக்கவாதம் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மூச்சு முட்டுவது போன்ற உணர்வு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்து தலையைத் தூக்குவார்கள், தரவு போகும்.

வாயு மாதிரிக் குழாய் நீளமாக இருப்பதால் பதிவு சில நொடி பின்தங்கும், மூளையின் பதில் இன்னும் பின்னால். இரண்டையும் நகர்த்திப் பொருத்திய பிறகுதான் கணக்கு.

---

எண்கணக்கு

கணக்கை நான் போடுகிறேன். கார்பன் டை ஆக்சைடு ஓட்டத்தைக் கூட்டும், ஆக்சிஜன் செலவை மாற்றாது என்பது எடுகோள்; அதனால் ஆ = 1. ஓட்டம் 40 சதவீதம் கூடி, போல்டு 2.5 சதவீதம் ஏறினால் எம் = 2.5 ÷ (1 − 1.4^−1.1) = 2.5 ÷ 0.309 = 8.1 சதவீதம்.

இப்போது ஏஎஸ்எல் இரைச்சலால் 40-க்குப் பதில் 30 என்று அளந்துவிட்டீர்கள். எம் 10.0 ஆகிவிடும். பிறகு பார்வைச் சோதனையில் போல்டு 1.5, ஓட்டம் 50 சதவீதம் என்றால், முதல் எம்-இல் ஆக்சிஜன் செலவு 20 சதவீதம் ஏற்றம், இரண்டாவதில் 24. எம்-இல் இவ்வளவு பிழைக்குக் கடைசி விடை நான்கு புள்ளிதான் நகர்கிறது. பயப்பட வேண்டிய அளவு இல்லை, ஆனால் குழு வித்தியாசமே நான்கு புள்ளி என்றால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வாக்ஸலுக்கும் தனியாக எம் போடாமல், பார்வைப் புறணி முழுவதையும் சராசரி எடுத்து ஒரே எம் போடுங்கள்.

எடுகோளிலும் ஓட்டை உண்டு. கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜன் செலவைச் சற்றுக் குறைப்பதாகச் சில அளவீடுகள் காட்டுகின்றன. எல்லோருக்கும் ஒரே அளவில் குறைந்தால் ஒப்பீடு கெடாது.

---

சிரைவழி

இவ்வளவு வசதி எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. மூச்சடக்கலே போதும் என்பது என் கருத்து. சாதாரணமாக மூச்சை வெளிவிட்ட நிலையில் 15 நொடி அடக்கல், பிறகு 30 நொடி திரையில் பார்த்து 3 நொடி உள்ளே 3 நொடி வெளியே, இப்படி ஐந்தாறு சுற்று. ஐந்து நிமிடத்தில் முடியும். அடக்கி முடித்ததும் முதலில் மூச்சை வெளிவிடச் சொல்லுங்கள், அப்போதுதான் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ஏறியது என்ற அளவு கிடைக்கும். மூச்சை இழுத்துப் பிடித்து அடக்கினால் ஆரம்பத்தில் ஒரு பள்ளம் விழுந்து வளைவு கோணலாகும், தவிர்க்கவும்.

இதில் எம் கிடைக்காது. ஆனால் பார்வைச் சோதனையின் போல்டை மூச்சடக்கல் போல்டால் வகுத்தால் நாளத்தின் வித்தியாசம் பெருமளவு போய்விடும்.

---

ஓட்டமானி

@சிரைவழி ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. முதியவர்கள் 15 நொடி சரியாக அடக்குவதில்லை, நடுவில் சிறு மூச்சு இழுத்துவிடுவார்கள். வயிற்றுப் பட்டையில் மூச்சுப் பதிவு இல்லாமல் இந்த வகுத்தலைச் செய்தால் ஒத்துழைப்பின் வித்தியாசத்தை நாள வித்தியாசம் என்று எண்ணிவிடுவோம்.

---

செங்குருதி

யாரும் ஹீமோகுளோபின் அளவைக் கேட்கவில்லை. நம் ஊர்ப் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்று எல்லோருக்கும் தெரியும். இதை விட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் ஆடும்.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜன் சுமக்கும். 14 கிராம் உள்ளவரின் தமனியில் 100 மில்லிலிட்டருக்கு 18.4 மில்லிலிட்டர் ஆக்சிஜன். 9 கிராம் உள்ளவரிடம் 11.8. முதலாமவருக்கு 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் ஓட்டம், அதில் 38 சதவீதம் எடுப்பு என்றால் ஆக்சிஜன் செலவு 3.5 மில்லிலிட்டர். இரண்டாமவர் அதே செலவை அதே எடுப்பில் செய்ய ஓட்டம் 78-க்குப் போக வேண்டும். அடிப்படையிலேயே நாளம் விரிந்து நிற்கிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினும் குறைவு. எம் குறையும், போல்டு குறையும். மூளை செலவழிப்பதோ அதே அளவு.

கூடவே ஏஎஸ்எல்-லும் ஏமாற்றும். ரத்தசோகையில் ரத்தத்தின் டி1 நீளும். உண்மையில் 1800 மில்லிநொடி இருக்கும்போது 1650 என்று போட்டால், ஓட்டமானி கொடுத்த அளவுகளில் ஓட்டம் 14 சதவீதம் கூடுதலாகக் காட்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

---

பனித்துளி

இதை நிஜமாகவே யோசித்திருக்கவில்லை, நன்றி. இப்போது உள்ள அனுமதியில் ஒரு நபருக்கு 12 நிமிடம்தான் கூடுதலாகச் சேர்க்க முடியும், வாயு கொடுக்க அனுமதி இல்லை. எதைச் சேர்ப்பது?

---

டெஸ்லா_மூன்று

ஓய்வில் ஏஎஸ்எல் 5 நிமிடம், அதற்கான அடிப்படைப் படத்தையும் சேர்த்து. மூச்சடக்கல் 5 நிமிடம், மூச்சுப் பட்டையோடு. மீதியில் டிரஸ்ட் முறை: உச்சிச் சிரைக்குடாவில் ரத்தத்தின் டி2 (சிக்னல் தேயும் நேரம்) அளந்து சிரை ஆக்சிஜன் செறிவைச் சொல்லும், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்கேனருக்கு வெளியே ஹீமோகுளோபின், விரல் ஆக்சிமீட்டர். இவை சேர்ந்தால் மூளை முழுவதற்குமான ஓய்வுநிலை ஆக்சிஜன் செலவு ஒவ்வொருவருக்கும் கையில் இருக்கும். தூண்டலின்போது செலவு எவ்வளவு கூடியது என்பது இதில் வராது, அதை இதிலிருந்து எழுதவும் கூடாது.

போல்டு எடுக்கும்போதே ஒரு எக்கோவுக்குப் பதில் மூன்று எக்கோ வையுங்கள், 13, 30, 47 மில்லிநொடி மாதிரி. அதற்குத் தனி நேரம் வேண்டாம். உண்மையான போல்டு எக்கோ நேரத்தோடு நேர்விகிதத்தில் கூடும். 30-இல் 1 சதவீதம் என்றால் 13-இல் 0.43, 47-இல் 1.57 வர வேண்டும். மூன்றிலும் ஒரே சதவீதம் வந்தால் அது தலை அசைவு அல்லது ரத்தம் உள்ளே பாயும் விளைவு. அந்த வாக்ஸலை ஒதுக்குங்கள். புறணியின் மேற்பரப்பில் ஓடும் பெரிய சிரைகளில் மட்டும் 5 சதவீதத்துக்கு மேல் ஏறும் வாக்ஸல்களையும் தனியாக வையுங்கள். அவை வடிகாலைக் காட்டுகின்றன, வேலை நடந்த இடம் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்.

கட்டுரையில் எழுதும்போது "முதியவர்களிடம் போல்டு மறுமொழி சிறியது" என்று எழுதுங்கள். அடுத்த வாக்கியத்தில் மூச்சடக்கலால் வகுத்த பிறகு வித்தியாசம் எவ்வளவு மிஞ்சியது என்ற எண்ணைப் போடுங்கள். மிஞ்சாவிட்டால் அதையும் போடுங்கள்.

---

செங்குருதி

ஒரு சின்ன விஷயம்: விரல் குத்துவதை ஸ்கேனுக்குப் பிறகு வையுங்கள். முன்னால் குத்தினால் சிலர் பயத்தில் வேகமாக மூச்சு விடுவார்கள். கார்பன் டை ஆக்சைடு இறங்கும், முதல் சில நிமிட ஏஎஸ்எல் அதோடு இறங்கும்.